நம்பர் பிளேட் மாட்டினா போதுமா?

போன மாசம் ஒரு பழைய கார் வாங்கினேன். 2020 மாடல். முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் ஒரிஜினல் பிளேட்டைக் கழட்டிட்டு, வளைஞ்சு நெளிஞ்ச எழுத்துல ஒண்ணு மாட்டியிருந்தார். நம்பரைப் படிக்கவே எழுத்துக்கூட்ட வேண்டியிருந்துது :-)

2019 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த வண்டிகளுக்கெல்லாம் உயர்பாதுகாப்பு பிளேட்தான். அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசர்ல பொறிச்ச எண், உடைச்சாதான் கழட்ட முடியற பூட்டு. ஸ்டிக்கர் கடையில கிடைக்காது. ஷோரூம்ல சொல்லி வச்சு, ரெண்டு தடவை அலைஞ்சு மாட்டினேன்.

"இதுக்குப் போய் இவ்ளோ அலையணுமாடா?"ன்னான் நண்பன்.

அலையணும். சில வருஷம் முன்னாடி என் பைக்கை ஒரு புரோக்கர்கிட்ட வித்தேன். "பேரு நான் மாத்திக்கறேன் சார்"னார். நம்பினேன். ஒரு நாள் காவல் நிலையத்துலேர்ந்து போன். அந்த வண்டி ஒரு பெரியவரை இடிச்சுட்டு நிக்காமப் போயிருக்கு. நம்பரைத் தேடினா என் பேரு! நான் ஓட்டலைன்னு புரியவைக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு.

ஆர்.சி.யில யார் பேரோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்புன்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதனால இந்தத் தடவை படிவம் 29, 30 ரெண்டையும் கையோட குடுத்துட்டுத்தான் பிளேட் பக்கமே போனேன்.

பிளேட்ங்கறது அலங்காரம் இல்லீங்க. இடிபட்டவனுக்கு இருக்கற ஒரே பிடி அதான். அது படிக்கற மாதிரி இருக்கணும். பின்னாடி இருக்கற பேரும் நிஜமா இருக்கணும்.

வண்டி வித்தவங்க, வாங்கினவங்க, இன்னிக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க.