குக்கியும் 555 புத்தகமும்



சென்ற மாதம் பள்ளி முடிந்த வேளையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் மடிக்கணினியோடு என்னைத் தேடி வந்தார். "டீச்சர், இதுல அறுபத்து மூணு வைரஸ் இருக்காம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்னு டவுன்ல சொல்றாங்க. நூத்தைம்பது வெள்ளி கேக்குறாங்க" என்றார். திரையில் சிவப்பு எழுத்தில் '63 அச்சுறுத்தல்கள்' என்றிருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். அறுபத்து மூன்றும் குக்கிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'குறைந்த ஆபத்து' என்று சிறிய எழுத்தில் குறிப்பு. அதன் கீழே, பணம் கட்டினால் நீக்கித் தருவதாக ஒரு பெரிய பொத்தான்.

அந்தச் சிவப்பு எழுத்தை நான் முன்பே அறிவேன். 2008ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டப்பள்ளியில் பணியாற்றி வந்தேன். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம். பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிமார் சிலருடைய பேச்சைப் பதிவு செய்து, படங்களோடு கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் நச்சுநிரல் எதிர்ப்பி இதேபோல் ஓலமிட்டது. அஞ்சிப் போய் ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் வன்தட்டைத் துடைத்துத் தந்தார்கள். நகல் எடுத்து வைக்காதது என் குற்றம். ஆனால், அன்று கணினியில் இருந்தவை வெறும் குக்கிகளே என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. அந்தப் பாட்டிமாருள் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கணினி வகுப்பு நடந்தது. பவர்பாயிண்டில் எழுத்துகளைப் பறக்கவிடக் கற்றுக்கொண்டோம். குக்கி என்ற சொல்லை எவரும் உச்சரித்ததாக நினைவில்லை.

தமிழில் இதனை 'நினைவி' என்பர். பொருத்தமான சொல்தான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுலி என்பவர் உருவாக்கியது. இணையத்தளத்திற்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு மறுபக்கத்தைக் கேட்டால், கேட்பவர் அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. எனவே ஒரு சிறு குறிப்பை எழுதி நம் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை போகும்போது உலாவி அதைக் காட்டுகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. மளிகைக்கடையில் பற்று எழுதும் 555 புத்தகத்தை யார் மறப்பார்? புத்தகம் நம் வீட்டில் இருக்கும். கடைக்குப் போகும்போது எடுத்துப் போவோம். கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் பழைய கணக்கை அறிவார். சாதாரணக் குக்கி இவ்வளவே.

வேவு பார்க்கும் குக்கி சற்று வேறு. அரிசிக்கடை, மருந்துக்கடை, கள்ளுக்கடை, கோயில் வாசல் பூக்கடை ஆகிய அனைத்திலும் ஒரே முதலாளியின் ஆள்கள் மேசை போட்டு அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். முதற்கடையில் நம் கூடையில் ஓர் எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். அதன்பின் அந்த எண் எந்தக் கடையில் நுழைந்தது, என்ன வாங்கியது என்பதெல்லாம் அவர்களுடைய பேரேட்டில் ஏறுகிறது. நம் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நடமாட்டம் முழுதும் தெரியும். விளம்பர நிறுவனங்கள் செய்வது இதுதான்.

இவர்கள் கதவை உடைக்கும் திருடர்கள் அல்லர். குக்கி என்பது வெறும் எழுத்துக் குறிப்பு. நச்சுநிரல் போலத் தானாக இயங்கிக் கோப்புகளை அழிக்க அதனால் முடியாது. ஆகவே அறுபத்து மூன்று குக்கிகளை அறுபத்து மூன்று அச்சுறுத்தல்களாக எண்ணிக் காட்டுவது வணிகத் தந்திரம் என்றே சொல்வேன். விளம்பரம் மிகுந்த ஒரே தளத்திற்குப் போய் வந்தால் பத்திருபது குக்கிகள் சேர்ந்துவிடும். இன்று நீக்கினால் நாளை மீண்டும் வரும். அதற்காகக் கணினியையே துடைப்பது, பேனுக்கு அஞ்சித் தலையை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

காவலாளியின் கதையையும் கேளுங்கள். அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற நச்சுநிரல் எதிர்ப்பி, வேவுக் குக்கிகளைத் தடுப்பதாகச் சொல்லித் தன் மென்பொருளை விளம்பரம் செய்தது. அதே நிறுவனம் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் கிளை நிறுவனத்தின் வழி விற்று வந்தது 2020 சனவரியில் அம்பலமாயிற்று. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்தச் சொன்னது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வேவுக் குக்கியைத் தடுக்கக் காசு தேவையில்லை. ஃபயர்பாக்ஸ் 2019 முதலும் சஃபாரி 2020 முதலும் தாமாகவே தடுக்கின்றன. குரோமில் நாமே அமைப்புகளுக்குள் போய், மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் தெரிவை அழுத்த வேண்டும். கூகுள் அவற்றை அடியோடு நீக்கப் போவதாக 2020இல் அறிவித்து, 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

பெற்றோர்களுக்கு உண்மையான ஆபத்து வேறு வழியில் வருகிறது. திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்து நிறுவினால், அது வங்கிச் சேமிப்புக்கே உலை வைக்கும். அப்படி ஏமாந்தால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இனி, ஆசிரியர்களாகிய நம்மைப் பற்றி. மாணவரின் மைகிட் எண், பிறந்த நாள், பெற்றோரின் வருமானம் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் இட்டு, யார் வேண்டுமானாலும் திறக்கத்தக்க இணைப்பாகப் புலனக் குழுவில் பகிர்கிறோம். நானும் செய்திருக்கிறேன். வேவுக் குக்கிக்குத் தெரிவது ஓர் எண் மட்டுமே. நாம் பெயரோடு முகவரியோடு கொடுக்கிறோம். 2017இல் இந்நாட்டில் 4 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. நம் மக்கள்தொகையை விடவும் அதிகம்! 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே பள்ளியில் பிள்ளைகளின் விவரத்தைக் காப்பது பெரும்பாலும் நம் கையடக்கத்தையே பொறுத்தது. என் வகுப்பின் பழைய இணைப்புகள் அனைத்தையும் இம்மாதம் பூட்டிவிட்டேன். ஏழு இருந்தன.

அந்தத் தாயாரின் மடிக்கணினிக்கு வருவோம். குக்கிகளை அழித்து, மூன்றாம் தரப்பைத் தடுத்து, பயமுறுத்திய மென்பொருளையும் நீக்கினேன். விண்டோசோடு வரும் பாதுகாப்பே வீட்டுக்குப் போதும். பத்து நிமிட வேலை. நூற்றைம்பது வெள்ளி மிச்சம். ஆனால் நல்ல குக்கிகளும் சேர்ந்து அழிந்ததால், பையன் டெலிமாவில் மீண்டும் கடவுச்சொல் இட்டு நுழைய வேண்டியதாயிற்று. அவனோ அதை மறந்திருந்தான். பொறுப்பாசிரியர் வழி புதியது பெற இரண்டு நாள் ஆனது. முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்காதது என் தவறு.