கதவுள்ள பேருந்து

இந்த வாரம் முழுக்க என் கைபேசியில் ஒரே விளம்பரம். மலையோரக் காபிக் கடை, மேசையில் லேப்டாப், ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் ஒரு பெண். மனநல ஆலோசகர்களே, ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதியுங்கள் என்கிறது. அவளுக்குப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அவர்களைக் கவனித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

அதைப் பார்த்துவிட்டு நண்பரின் மகளும் போன் செய்தாள். சென்னையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். "மாமா, ஆறு மாசம் மணாலில இருந்துகிட்டே செஷன் எடுக்கலாம்னு இருக்கேன். அமெரிக்கா கிளையன்ட்ஸ்கூடக் கிடைப்பாங்களாம்."

ஆசையில் தப்பில்லை. நாளெல்லாம் பிறர் துயரம் கேட்கிறவளுக்கு மலைக்காற்று வேண்டும். ஆனால் அமெரிக்கக் கனவை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அங்கே கிளையன்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, பொதுவாக அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். இதைத் தளர்த்தத்தான் பல மாநிலங்கள் சேர்ந்து 'சைபாக்ட்' என்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி திரை வழியே பார்க்கிற உளவியலாளரும் தனக்கு உரிமம் தந்த மாநிலத்துக்குள் உட்கார்ந்தபடிதான் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் நெறிமுறைகள் மருத்துவர்களுக்கானவை. அவையும் இந்திய எல்லையைத் தாண்டுவதில்லை.

ஊரோடு ஊராக எடுத்துச் செல்லக்கூடிய வேலைகள் இல்லாமலில்லை. மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு, நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை, பாடத்திட்டம் தயாரிப்பது, எழுத்து. இவற்றைக் காபிக் கடையிலிருந்தும் செய்யலாம். செஷனுக்குக் கதவு வேண்டும்.

அந்தக் கதவு கிளையன்ட்டின் பக்கத்திலும் வேண்டும். நம் வீடுகளில் பூஜைக்கு இடம் உண்டு, டிவிக்கு இடம் உண்டு. ஒரு மனிதர் உட்கார்ந்து அழுவதற்கு, தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை கிடையாது. கொரோனா ஊரடங்கின்போது என் சித்தி மகன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஆலோசகரிடம் பேசுவான். பக்கத்து மாடியில் துணி காயப்போட யாராவது வந்தால் பேச்சு நின்றுவிடும். காசு கொடுத்த ஐம்பது நிமிடத்தில் பாதி மௌனத்தில் போகும்.

இங்கேதான் எனக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010 வாக்கில் அந்த மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஆலோசனைக்கென்று ஓர் அறை, ஒரு திரை, ஒரு மருந்தகம். டாக்டர் சென்னையில் தன் இடத்தில் இருப்பார். பேருந்து கிராமம் கிராமமாகப் போகும். தடுப்புக்குள் போய் உட்கார்ந்தால் திரையில் டாக்டர். பேசி முடித்ததும் அவர் எழுதிய மருந்து அதே வண்டியில் இலவசமாகக் கைக்கு வரும். மனச்சிதைவு உள்ள ஒருவரைச் சென்னைக்கு அழைத்து வர வீட்டில் இரண்டு பேரின் கூலி போகும், பஸ் காசு போகும். நடுவழியில் அவர் இறங்கிவிடுவாரோ என்ற பயம் வேறு. அந்தப் பயணத்தை நோயாளியின் தலையிலிருந்து இறக்கி வைத்ததுதான் அந்த வண்டி செய்த பெரிய காரியம். கூடவே, கூரை வீட்டில் இல்லாத ஒரு தனியறையையும் அது தெருவுக்குக் கொண்டுவந்தது.

தொலைவிலிருந்து சிகிச்சை என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுதான். பயணம் யாருக்குக் குறைகிறது என்று கேட்காமல் ஆலோசகரின் சுற்றுலாவை மட்டும் விற்கிற விளம்பரம் அந்தத் தொழிலை அவமதிக்கிறது.

இதையெல்லாம் கேட்ட நண்பரின் மகள், மணாலியில் சத்தமில்லாத, தாழ்ப்பாள் உள்ள அறை கிடைத்தால் மட்டும் செஷன், கிடைக்காவிட்டால் வகுப்புகள் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். அவள் பக்கத்துக் கதவு சரியாகிவிட்டது. மறுபக்கத்துக் கதவு உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் மகனோ மனைவியோ ஆலோசகரிடம் பேசப் போகிறேன் என்றால், அந்த ஒரு மணி நேரம் அறையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். கதவைத் தட்டாதீர்கள். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்றும் கேட்காதீர்கள்.