யன்னலுக்குப் பலகை அடிக்காதீர்கள், பிணைச்சலை மாற்றுங்கள்

பெற்றோருக்கும், பழைய மாணவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது வகுப்பறை யன்னல்களை ஒருதடவை எண்ணிப் பாருங்கள். எத்தனை முழுதாகத் திறக்கின்றன? எத்தனை கயிற்றால் கட்டிக் கிடக்கின்றன? எத்தனைக்குக் குறுக்கே பலகை அடித்திருக்கிறது? கச்சான் காற்று வீசும் மாதங்களில், யன்னல் மூடிய அறையில் முப்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகல் 12 மணிக்குக் கணிதம் படிப்பிப்பது எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். பின்வரிசைப் பிள்ளை தூங்கினால் அது சோம்பல் அல்ல. காற்று இல்லை.

இந்த யன்னல்களில் பெரும்பாலானவை பழுதான யன்னல்களே அல்ல. மரம் நல்லது, கண்ணாடி நல்லது. போனது ஒரு பிணைச்சல், அல்லது ஒரு கொளுக்கி, அல்லது நான்கு திருகாணி. அவ்வளவுதான்.

எப்படிப் போகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் திறக்கும் யன்னலின் பாரம் முழுதும் பிணைச்சல்களில்தான் தொங்குகிறது. மேல் பிணைச்சலைப் பாரம் வெளியே இழுக்கும், கீழ்ப் பிணைச்சலை உள்ளே தள்ளும். ஆகவே முதலில் இளகுவது மேல் பிணைச்சலின் திருகாணி. அது இளகியதும் யன்னல் கொஞ்சம் சரிந்து கீழே நிலையில் உரசும். பிள்ளைகள் பலமாகத் தள்ளுவார்கள். மிச்சத் திருகாணிகளும் பிடுங்கும். திறந்த யன்னலைப் பிடித்து நிறுத்தும் கொளுக்கியும் இல்லாவிட்டால் ஒரு காற்று போதும். அடித்து மோதிக் கண்ணாடி உடையும், யன்னல் கழன்று தொங்கும். மேல்மாடி வகுப்பென்றால் அது கீழே நிற்கும் பிள்ளையின் தலையில் விழலாம். அந்தப் பயத்தில்தான் பலகை அடிக்கிறார்கள். பயம் நியாயமானது. மருந்துதான் பிழை.

கரையோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு விஷயம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய பாடசாலைக் கட்டடங்கள் இப்போது ஏறக்குறைய இருபது வயதைத் தொட்டுவிட்டன. உப்புக் காற்றில் இரும்புப் பிணைச்சல் இருபது வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். ஒரே காலத்தில் பூட்டியவை ஒரே காலத்தில்தான் போகும். அதனால்தான் எல்லா யன்னலும் ஒன்றாகக் கெட்டுவிட்டதுபோலத் தெரிகிறது.

இங்கிலாந்தில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அங்குள்ள பழைய வீடுகளின் யன்னலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அது பக்கவாட்டில் திறப்பதில்லை, மேலே தூக்கித் திறப்பது. நிலைக்குள்ளே இரண்டு பக்கமும் இரும்புக் குண்டு தொங்கும். குண்டையும் யன்னலையும் கப்பியில் ஓடும் கயிறு இணைக்கும். குண்டின் பாரமும் யன்னலின் பாரமும் சரிக்குச் சரி என்பதால் ஒரு கையால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். பிந்திய காலத்து யன்னல்களில் குண்டுக்குப் பதிலாகச் சுருள்வில் வைத்தார்கள். கயிறு அறுந்தால் அல்லது வில் தளர்ந்தால் யன்னல் கத்திபோல விரலில் விழும். அதற்காக யன்னலையே வீசிவிடுவதில்லை. யன்னலைக் கழற்றிப் புதுக் கயிறு போடுகிறார்கள். ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவார்கள். தடித்த கண்ணாடி போட்டால் குண்டின் பாரத்தையும் கூட்டுவார்கள். இப்படிப் பார்த்துக்கொண்டதால் நூறு வருடம் தாண்டிய மரயன்னல்கள் அங்கே இன்றும் திறந்து மூடுகின்றன.

அந்த வேலையை விட நம்முடையது இலேசானது. ஓட்டை பெருத்த இடத்தில் வைரமான மரத்தில் குச்சி சீவி, மரப்பசை தடவி அடித்து இறுக்கி, காய்ந்த பிறகு புதுத் திருகாணி முடுக்கினால் பிடிக்கும். திருகாணிக்குப் பதிலாகச் சாதாரண ஆணி அடிக்கக் கூடாது. அது இளகிவரும், மரத்தையும் பிளக்கும். கரையோரத்துக்குத் துருப்பிடிக்காத உருக்குப் பிணைச்சல், அதே உருக்குத் திருகாணி. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் இரண்டு வருடத்தில் மறுபடி வாங்கத் தேவையில்லை. மாரியில் இறுகும் யன்னலை மாரியிலேயே சீவ வேண்டாம். மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். கோடையில் சுருங்கினால் இடைவெளி விழும். காய்ந்த பிறகு பார்த்துச் சீவுங்கள். கண்ணாடித் தகடு அடுக்கிய லூவர் யன்னலில் தகட்டைப் பிடிக்கும் கிளிப் உடைந்தால் கிளிப்பை மட்டும் மாற்றலாம்.

"எல்லாவற்றையும் கழற்றி அலுமினியம் போட்டுவிடுவோம், யாராவது தனவந்தரைப் பிடிப்போம்" என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். கொடுப்பவர்களின் மனதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கறையான் அரித்த நிலையைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னல் பாதிதான் திறக்கும். நமது வெக்கைக்கு அது நட்டம். அதிலும் உருளை தேயும், பூட்டு உடையும். அப்போதும் இதே கேள்விதான் வரும்: யார் பார்ப்பது?

"இது அரசாங்கத்தின் வேலை" என்றும் சொல்கிறார்கள். கட்டடமும் பெரிய திருத்தமும் அரசாங்கத்தின் வேலைதான். அதற்கு எழுதுவோம், கேட்போம், விடமாட்டோம். ஆனால் ஒரு பிணைச்சலுக்காக வலயக் கல்வி அலுவலகத்தின் பதிலைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வேக வைக்க முடியாது.

நாங்கள் கேட்பது மூன்று விஷயம். ஒன்று, அபிவிருத்திச் சங்கத்தின் வருடக் கணக்கில் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். புதுக் கட்டடத்துக்கும் விழாவுக்கும் பணம் இருக்கிறது, திருகாணிக்கு இல்லை என்ற நிலை மாறட்டும். இரண்டு, வருடத்தில் இரண்டு தடவை, மாரிக்கு முன்பும் கச்சானுக்கு முன்பும், அதிபரின் அனுமதியோடு ஒவ்வொரு யன்னலையும் திறந்து மூடிப் பார்த்து எழுதி வைப்போம். இளகியதை அன்றைக்கே முடுக்கினால் பாதி வேலை குறையும். மூன்று, ஊரில் இருக்கும் ஓடாவிமார் ஒரு சனிக்கிழமை தாருங்கள். கூலி வேண்டாம் என்பீர்கள், ஆனால் கூலி கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. வேலைக்கு மதிப்புக் கொடுத்தால்தான் அடுத்த வருடமும் கேட்க முகம் இருக்கும். ஏணியில் ஏறும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கீழே நின்று பார்த்துப் பழகட்டும்.

ஸதகதுல் ஜாரியா என்றதும் நமக்குக் கட்டடமும் கிணறும்தான் நினைவுக்கு வருகிறது. யாருடைய பெயரும் பொறிக்க முடியாத ஒரு பிணைச்சலும் அந்தக் கணக்கில் சேரும் என்றே நாங்கள் நம்புகிறோம். ஏற்கனவே கொடுத்துக் கட்டியவர்களின் அமானிதத்தைக் காப்பதும் அதுதான்.

உங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை யன்னல் திறக்கவில்லை என்று கீழே எழுதுங்கள். பாடசாலையின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு போவோம், இன்ஷா அல்லாஹ்.