கூச்சம் தெளிய ஒரு விளையாட்டு



இளையோர் கூட்டங்களின் முதல் அரை மணித்தியாலத்தைப் பற்றி இம்முறை எழுதுகின்றேன். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலத் தொண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி 1999 முதல் இருக்கின்றது. அதற்காகவும், ஜனவரியில் வரும் பொங்கல், தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சிகளுக்காகவும் எமது பிள்ளைகள் கூடுகின்றார்கள்.

கூடியதும் என்ன நடக்கின்றது? இங்கே பிறந்தவர்கள் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். அண்மையில் வந்தவர்கள் கதவடியில் சுவரோடு நிற்பார்கள். உடனே பெரியவர் ஒருவர் எழும்பி, "ஒவ்வொருவராய் அறிமுகம் செய்யுங்கோ. பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், எத்தனை சகோதரங்கள்?" என்பார்.

வேறு சமூகத்தில் இது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். எமக்கு அப்படியில்லை. 2009 இல் காணாமற்போன தகப்பனை "இருக்கிறார்" என்று சொல்வதா, "இருந்தார்" என்று சொல்வதா என்பதை, முப்பது பேருக்கு முன்னால் நின்று ஒரு பிள்ளை எப்படித் தீர்மானிக்கும்? ஊரைக் கேட்டாலும் அதோடு நிற்பதில்லை. அடுத்தது "ஊரில எவ்விடம்?" என்று வரும். அந்தக் கேள்வி எதைத் தேடி வருகின்றது என்று எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டி வந்த பிறகும் சாதியை எமது பிள்ளைகளின் தலையில் ஏற்ற வேண்டாம்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பல நாட்டவர் இருக்கின்றோம். புதிதாய் வந்தவரிடம் ஒருவரும் முதலில் கதை கேட்பதில்லை. சேர்ந்து பெட்டி அடுக்குவோம். கை பழகினால் வாய் தானாய்த் திறக்கும். பிள்ளைகளுக்கும் அதுவே நல்ல வழி. கீழ்வரும் மூன்று விளையாட்டுக்களுக்கும் செலவு கிடையாது.

முதலாவது, பெயர்ப் பந்து. வட்டமாக நின்று, தன் பெயரைச் சொல்லி மெதுவான பந்தொன்றை இன்னொருவருக்கு எறிய வேண்டும். பிடித்தவர், எறிந்தவரின் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் பெயரைச் சொல்லி எறிவார். பாடசாலையில் சுருக்கிய பெயர் வேண்டாம், முழுப் பெயர் வேண்டும். பிழையாய்ச் சொன்னால் சிரிக்கக் கூடாது. பெயருக்குரியவர் ஆறுதலாய் ஒருமுறை சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பேசாத வரிசை. வாய் திறவாமல், விரலாலும் சைகையாலும் காட்டி, பிறந்த மாத ஒழுங்கில் வரிசையாய் நிற்க வேண்டும். இங்கே ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதவரும் சமம். தமிழ் தடுமாறுகின்றவருக்கும் வெட்கமில்லை.

மூன்றாவது, எமது கிளித்தட்டு. மண்டபத் தரையில் பசைநாடா ஒட்டி நீள்சதுரம் அமைத்து, நடுவே நீளக் கோடும் ஆட்களின் தொகைக்கு ஏற்றபடி குறுக்குக் கோடுகளும் போடுங்கள். குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் மறிப்பார். கிளி நடுக்கோட்டிலும் ஓடித் தொடலாம். மற்ற அணியினர் அடி படாமல் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். ஊரில் விளையாடி வந்தவர்களையே மற்றவர்களுக்குப் பழக்க விடுங்கள். சுவரோடு நின்ற பிள்ளை அன்று வாத்தியார் ஆகிவிடும். ஆணும் பெண்ணும் தொட்டு விளையாடுவதைப் பெற்றோர் விரும்பாவிட்டால் தனித்தனி அணியாக விடலாம்.

சங்கீதக் கதிரையை முதல் நாளில் தவிர்ப்பது நல்லது. கூச்சப்படுகின்ற பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் வெளியேறி மூலையில் இருக்கும்.

விளையாட்டில் என்ன இருக்கின்றது என்று எண்ண வேண்டாம். 1990களில் ரொறன்ரோவில் எமது இளைஞர் சிலர் குழுச் சண்டைகளில் சிக்கி உயிர்கள் போயின. அந்தக் காலத்தின் முடிவில்தான் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தை இளையோரே தொடங்கினார்கள். நல்ல இடத்தில் சேர்க்கப்படாத பிள்ளை, தன்னைச் சேர்க்கின்ற இடத்துக்குப் போகும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் ஊர் கேட்காதீர்கள். பந்தைக் கொடுங்கள். சொல்ல வேண்டிய கதையைப் பிள்ளை தனக்கு விருப்பமான நாளில், விருப்பமான நண்பருக்குச் சொல்லும்.