மீனுக்கு வால், பாம்புக்குத் தலை

தேம்ஸ் ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் டெடிங்டன் திட்டத்தை எவ்வளவு எதிர்த்தாலும் அது போவதாக இல்லை. 2024 ஓகஸ்டில், லண்டனுக்குத் தண்ணீர் வழங்கும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் நீர்வளத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தலையாட்டியபோதே காரியம் பாதி முடிந்துவிட்டது. 2025 கோடையில் நடந்த கருத்துக்கேட்பு அதற்குப் பிறகான சடங்கு. ஹாம், ட்விக்கனம், கிங்ஸ்டன் மக்கள் எழுதினார்கள், பேசினார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். அத்தனைக்கும் கிடைத்த பதிலின் சாரம் ஒன்றுதான்: கவலை வேண்டாம், எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம்.

எதை யோசித்தார்கள்? வறட்சிக் காலத்தில் டெடிங்டன் அணைக்கட்டுக்குச் சற்று மேலே ஆற்றிலிருந்து நாளுக்கு 75 மில்லியன் லீற்றர் வரை எடுப்பார்கள். அது பழைய தேம்ஸ் - லீ சுரங்கக் குழாய் வழியாக வடகிழக்கு லண்டன் நீர்த்தேக்கங்களுக்குப் போகும். ஆற்றில் குறைந்ததை ஈடுகட்ட, ஐல்வொர்த்தில் இருக்கும் மொக்டன் நிலையத்தின் கழிவுநீரை இன்னொரு கட்டம் சுத்திகரித்து அதே இடத்துக்கு அருகில் விடுவார்கள். எடுத்த அளவு திரும்ப வந்துவிடும், ஆற்றுக்கு நட்டமில்லை என்பது அவர்கள் கணக்கு. லீற்றரை மட்டும் எண்ணினால் கணக்கு சரிதான். ஆற்றுக்குள் வாழ்வது லீற்றரை எண்ணி வாழ்வதில்லை.

இந்த ஆற்றில் விலாங்கு வாழ்கிறது. ஐரோப்பிய விலாங்கை மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அறிவித்தது. 1980களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் ஐரோப்பிய ஆறுகளுக்கு வந்துசேரும் குஞ்சுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்துவிட்டன. அட்லாண்டிக்கின் அக்கரையில், சர்காசோக் கடலில் பிறந்து, ஆண்டுக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து வந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சாகத் தேம்ஸுக்குள் நுழைகிறது. பத்து, இருபது ஆண்டுகள் நன்னீரில் வளர்கிறது. பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் உடல் வெள்ளி நிறமாகி, கண் பெரிதாகி, இரை எடுப்பதையே நிறுத்திவிட்டு, வந்த வழியே கடலுக்குத் திரும்புகிறது. முட்டையிடுவது வாழ்நாளில் ஒரே முறை. அந்தப் பயணம் தடைப்பட்டால் அதற்கு அடுத்த வருடம் என்று ஒன்று நிச்சயமில்லை.

இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. இந்தத் திட்டம் எப்போது ஓடும்? அவர்களே சொல்கிறார்கள்: சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை. முதிர்ந்த விலாங்கு கடலுக்கு இறங்குவது எப்போது? செப்டெம்பர் தொடங்கி மழைக்கால இருட்டு இரவுகளில். இளசுகள் மேல்நோக்கி ஏறி முடிப்பதும் ஓகஸ்ட், செப்டெம்பரில்தான். வருடத்தில் பன்னிரண்டு மாதம் இருக்க, அந்த மீனுக்கு ஆறு எந்த மாதங்களில் மிக அவசியமோ அந்த மாதங்களில்தான் இயந்திரம் சுழலப்போகிறது. வறட்சி வருவது அப்போதுதான், நாங்கள் என்ன செய்ய என்பார்கள். வறட்சியில் ஆறு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அணைக்கட்டைத் தாண்டி வழக்கமாக நாளுக்கு 800 மில்லியன் லீற்றர் போக வேண்டும் என்று வைத்திருக்கும் இலக்கை, நெருக்கடி முற்றினால் 300 மில்லியன் வரை இறக்க இப்போதைய உடன்பாடே இடம் தருகிறது. அந்த மெலிந்த ஆற்றில் 75 மில்லியனை மாற்றி ஊற்றினால், கடலை நோக்கிப் போகும் நீரில் கணிசமான பங்கு கழிவுநீர் நிலையத்திலிருந்து வந்ததாக இருக்கும். அதன் சூடு வேறு, உப்பு வேறு, வாசம் வேறு. இடம்பெயரும் மீன் மூக்கை நம்பி வழி தேடுகிறது. அதன் மூக்குக்கு முன்னால் எதை வைக்கிறோம் என்பது அற்ப விடயமல்ல.

இதற்கு அவர்கள் கையில் தயாராக இருக்கும் பதில் நுண்வலை. உறிஞ்சும் வாயில் மீன் நுழையாதபடி மெல்லிய வலை போடப்படுமாம். நல்லது, போடத்தான் வேண்டும். அது அவர்களுடைய தாராள மனம் அல்ல, சட்டம். 2009ஆம் ஆண்டின் விலாங்கு ஒழுங்குவிதிகள், நாளுக்கு 20 கன மீற்றர் நீர் எடுக்கக்கூடிய வாய்களுக்கே வலை வேண்டும் என்கின்றன. டெடிங்டனில் எடுக்கவிருப்பது 75,000 கன மீற்றர். அந்தச் சிறிய அளவையே விலாங்குக்கு ஆபத்து என்று கருதிய சட்டத்தின் முன்னால் வலையைப் பெருமையாகத் தூக்கிக் காட்டுவதில் என்ன அர்த்தம்? வலை, மீன் உள்ளே இழுபடாமல் காக்கும். வெளியே ஓடும் நீரின் சூட்டை வலை குறைக்காது. ஓட்டத்தையும் வாசத்தையும் பழையபடி ஆக்காது. வெப்பம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கும் என்று அறிக்கைகள் சொல்கின்றன. அந்த எல்லைக்குள் இருக்குமாறு இயக்கப்போகிறவர்கள் யார் என்பதை நினைத்தால்தான் நமக்கு நம்பிக்கை போகிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இதைவிடப் பெரிய அளவில் இதே யோசனை முன்பே ஒரு முறை வந்தது. ஆற்றின் வெப்பத்தையும் மீன்களையும் காட்டிச் சுற்றுச்சூழல் முகமை ஆட்சேபித்ததால் 2019ஆம் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. அளவைக் குறைத்துக்கொண்டு இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஆறு அதே ஆறு, மீனும் அதே மீன். இடைப்பட்ட காலத்தில் மீன் பெருகிவிடவில்லை. குறைந்தது கேட்கும் அளவு மட்டும்.

லண்டனுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டும். டூட்டிங்கிலும் லூயிஷமிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான் வருகிறது. சனத்தொகை கூடுகிறது, கோடை நீள்கிறது, சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் சிற்றாறுகளை இனியும் உறிஞ்ச முடியாது. தேம்ஸ் வாட்டரின் பகுதிக்கு 2050க்குள் நாளுக்கு ஒரு பில்லியன் லீற்றர் கூடுதலாக வேண்டும் என்ற மதிப்பீட்டோடு நாம் மல்லுக்கட்டவில்லை. எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சண்டை.

முதலில் எடுக்க வேண்டியது தெருவுக்கு அடியிலிருந்து. இந்த நிறுவனத்தின் குழாய்கள் 2023-24இல் நாளுக்குச் சுமார் 570 மில்லியன் லீற்றரைக் கசியவிட்டன. லண்டனுக்கு வெளியே உள்ள பகுதிகளும் இதில் அடக்கம். வீட்டு உரிமையாளர்களின் குழாய்களில் ஒழுகுவதும் அடக்கம். எப்படிப் பிரித்தாலும் ஏறக்குறைய எட்டு டெடிங்டன் ஒவ்வொரு நாளும் மண்ணுக்குள் போகிறது. விக்டோரியா மகாராணி காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் லண்டன் களிமண்ணில் கிடக்கின்றன. கோடையில் களிமண் சுருங்குகிறது, மாரியில் உப்புகிறது, குழாய் வெடிக்கிறது. 2016 டிசம்பரில் இஸ்லிங்டன் அப்பர் வீதி வெள்ளத்தில் மிதந்தது. 2022 ஓகஸ்டில், நாடே வறண்டு கிடந்தபோது, ஹோர்ன்சி வீதியில் பெருங்குழாய் ஒன்று வெடித்து ஆறாக ஓடியது. இரண்டுக்கும் மருந்து மராமத்துத்தான். கசிவை 2050க்குள் பாதியாக்குவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2025இல் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். ஆற்றில் குழாய் இறக்குவதற்கு மட்டும் 2033 என்று நாள் குறித்திருக்கிறார்கள். மராமத்துக்கு 2050, மீனுக்கு 2033. எது அவசரம் என்பதை அவர்களுடைய நாட்காட்டியே சொல்லிவிட்டது.

குழாய் மாற்றுவதில் திறப்பு விழா இல்லை. வீதியைத் தோண்டினால் பேருந்து நிற்கும், வாகனக்காரர் திட்டுவார், கவுன்சில் கட்டணம் கேட்கும். புதிய சுரங்கம் வெட்டினால் சொத்துக் கணக்கு ஏறும், படம் பிடிக்கலாம். இவர்களுக்கு எப்போதும் இரண்டாவதே பிடித்திருக்கிறது. இதற்குச் சாட்சி பெக்டன்.

பெக்டனை நினைவிருக்கிறதா? தேம்ஸ் முகத்துவாரத்து உப்புநீரைக் குடிநீராக்கும் நிலையம். வறட்சியில் நாளுக்கு 150 மில்லியன் லீற்றர் தரும் என்றார்கள். அதாவது இரண்டு டெடிங்டன். அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன், முதலில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள் என்று முட்டுக்கட்டை போட்டார், வழக்கும் தொடுத்தார். அடுத்து வந்த போரிஸ் ஜோன்சன் 2008இல் அந்த வழக்கைக் கைவிட்டார். சுமார் 250 மில்லியன் பவுண்ட்ஸ் செலவில் 2010இல் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு அது ஓடிய நாட்களைவிடச் சும்மா கிடந்த நாட்களே அதிகம். 150 என்றது பின்னர் 100 ஆனது. 2022 கோடையில், எதற்காகக் கட்டினார்களோ அந்த வறட்சி வந்தது. ஓகஸ்ட் 24இல் தோட்டக் குழாய்களுக்குத் தடை போட்டார்கள். பெக்டன் அப்போது பராமரிப்பு வேலைக்காக மூடிக் கிடந்தது. அன்று லிவிங்ஸ்டன் சொன்னதை இன்று டெடிங்டன் மக்கள் சொல்கிறார்கள். இருபது வருடமாக ஒரே வாதம், ஒரே செவிடு.

அவர்கள் கையில் மீன் பட்ட பாட்டையும் பார்ப்போம். 2011 ஜூனில் பெருமழையின்போது மொக்டன் உள்ளிட்ட இடங்களிலிருந்து மேற்கு லண்டன் தேம்ஸில் பாய்ந்த கழிவுநீர் 26,000 மீன்களைக் கொன்றதாக மதிப்பிடப்பட்டது. 2012 முதல் 2014 வரை தேம்ஸிலும் அதன் கிளைகளிலும் கழிவைக் கலந்ததற்காக 2017இல் நீதிமன்றம் 20.3 மில்லியன் பவுண்ட்ஸ் அபராதம் விதித்தது. அதே 2017இல் கட்விக் அருகே பல மணிநேரம் யாரும் கவனிக்காமல் கழிவு பாய்ந்து, மோல் ஆற்றில் சுமார் 1,400 மீன்கள் செத்தன. 2023இல் அதற்கு 3.3 மில்லியன் அபராதம். அந்த மோல் ஆறு எங்கே கலக்கிறது? ஹம்ப்டன் கோர்ட் அருகே, டெடிங்டனுக்கு மேலே. 2020 ஒக்டோபரில் இரண்டே நாட்களில் சுமார் இரண்டு பில்லியன் லீற்றர் கழிவுநீரை ஆற்றில் விட்டதும் மொக்டன்தான். நாளைக்கு விலாங்குக்கு ஏற்ற சூட்டில், ஏற்ற சுத்தத்தில் நீர் அனுப்பப்போவதும் அதே மொக்டன். 2025 மேயில் தண்ணீர் நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அமைப்பான ஒஃப்வாட் விதித்த 122.7 மில்லியன் அபராதத்தில் 18.2 மில்லியன், கொடுக்கக் கூடாத பங்காதாயத்தைக் கொடுத்ததற்காக. 1989இல் தனியார் கைக்குப் போகும்போது இல்லாத கடன் 2025இல் 17 பில்லியன் அளவில் நின்றது. அந்த அபராதத்துக்கு முந்தைய மாதம், ஏப்ரலில், சராசரிக் கட்டணம் 31 வீதம் ஏறி 639 பவுண்ட்ஸ் ஆனது. பங்காதாயத்துக்குக் காசு இருந்த வருடங்களில் குழாய்க்குக் காசு ஏன் இல்லை என்று கேட்க உரிமையுள்ளவர்கள் கட்டணம் கட்டும் நாம்.

ஆளுக்கு ஒரு முகம் காட்டுவதும் இவர்கள் வழக்கம். மீன் ஆர்வலர்கள் கேட்டால் வலையைக் காட்டுகிறார்கள், சுற்றுச்சூழல்மீது தங்களுக்கும் அக்கறை என்கிறார்கள். முதலீட்டாளர்கள் கேட்டால் மலிவாக, விரைவாக முடியும் திட்டம் என்கிறார்கள். மீனுக்கு வாலும் பாம்புக்குத் தலையும் காட்டுவது விலாங்கின் வேலை என்று நம் ஊரில் சொல்வோம். தேம்ஸ் விலாங்கு அப்படி யாரையும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஏமாற்றுவோர் கரையில் இருக்கிறார்கள். நிறுவனம் அமைச்சகத்தைக் காட்டும், அமைச்சகம் முகமையைக் காட்டும், முகமை நிபந்தனைகளைக் காட்டும். யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்டால் ஒரு பெயரும் கிடைக்காது.

இலங்கையில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் எப்படி நின்றது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டிவந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஓரிடத்துத் தண்ணீரை இன்னோரிடம் கொண்டுபோனால் கேள்வி கேட்க அங்கே ஒரு சனம் இருந்தது. விலாங்குக்கு வாக்குச்சீட்டு இல்லை. அதனால்தான் அதன் பங்கில் கைவைப்பது இவர்களுக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

1957இல் உயிரற்றது என்று விஞ்ஞானிகள் கைவிட்ட ஆறு தேம்ஸ். பிறகு பொதுப் பணத்தில், பொது நிர்வாகத்தில் அது மீண்டது. 1974இல் சல்மன் மீன் திரும்பி வந்தது. அந்த மீட்பை முதலாகப் போட்டுத் தங்கள் நட்டத்தை ஈடுகட்ட இன்றைய ஆட்களுக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஒஃப்வாட்டைக் கலைத்துவிட்டுப் புதிய கட்டுப்பாட்டு அமைப்பு வரும் என்கிறார்கள். பெயர்ப்பலகை மாறுவதால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? மேசையைச் சுற்றி உட்காரப்போகிறவர்களின் மனம் மாற வேண்டும். ஆற்றையும் குழாயையும் ஒரே கணக்கில் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே வர வேண்டும். மராமத்து செய்யாதவனுக்குப் புதிய மடை கேட்கும் தகுதி இல்லை என்ற எளிய நியாயம் இந்த நாட்டின் தண்ணீர் நிர்வாகத்துக்குள் எப்படியாவது நுழைய வேண்டும். அதுவரை டெடிங்டனில் ஒரு கல்லைக்கூட அசைக்க விடக் கூடாது.