எளிமை ஆழத்திற்குப் பகையா?

எளிதாக்கினால் ஆழம் போய்விடும் என்னும் கூற்று ஒன்று நெடுங்காலமாக நம்மிடையே உலவி வருகிறது. இலக்கணத்தைப் பற்றியும் அவ்வாறு சொல்கிறார்கள். சிலம்பத்தைப் பற்றியும் சொல்கிறார்கள். ஐம்பது அகவையைத் தொட்ட என் தலைமுறையினரோ, இளமையில் நாணயம் இட்டு விளையாடிய மின்பொறிச் சண்டை ஆட்டங்களைப் பற்றியும் சொல்கிறார்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் எழுதத்தக்க பொருளா இது என்று முகஞ்சுளிப்போர் பொறுத்தருள்க. மாணவர் மனம் எதில் மணிக்கணக்காகத் தோய்ந்து கிடக்கிறதோ, அதனை ஆராய்வது ஆசிரியன் கடமையே.

பழம்பெருமை பேசுவோர் கூறுவது இது. 1991இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தில் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள். கைப்பிடியைக் கீழிருந்து முன்னோக்கி வளைத்து உடனே குத்தினால்தான் ஆற்றல் பந்து பாயும். 2023இல் வந்த ஆறாம் ஆட்டத்திலோ, ‘மாடர்ன்’ என்னும் முறையில் ஒரு பொத்தானே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. “இதுவும் ஓர் ஆட்டமா?” என்கிறார்கள்.

இவர்கள் பட்ட துன்பத்தையே திறமை என எண்ணி மயங்குகிறார்கள். கைப்பிடியை வளைப்பது விரற்பயிற்சி. எந்தக் கணத்தில் வளைப்பது என அறிவதன்றோ திறமை? பொத்தான்களின் எண்ணிக்கைதான் ஆழத்தின் அளவுகோல் எனில், 1993இல் சேகா வெளியிட்ட ‘வர்ச்சுவா ஃபைட்டர்’ மிக மேலோட்டமானதாக இருந்திருக்க வேண்டும். தடுப்பு, குத்து, உதை என அதில் மூன்றே பொத்தான்கள். அவ்வரிசை ஆட்டங்களைத்தான் மிக ஆழமானவை என வல்லுநர் இன்றும் போற்றுகின்றனர்.

இந்தியனாகக் காட்டப்பெற்ற தால்சிம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். (அவன் கழுத்தில் மண்டையோட்டு மாலையை மாட்டியவர்கள்மீது எனக்குத் தனிச்சினம் உண்டு, அது வேறு கட்டுரைக்குரியது.) ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் கை நீளும். முதல் நாணயம் இடும் சிறுவனாலும் அது முடியும். ஆனால் நீண்ட கைமீதே அடி விழும் என்பதை அவன் அடுத்த நொடியில் அறிவான். எவ்வளவு தொலைவில் நின்று நீட்டுவது என்பதைக் கற்க ஆண்டுகள் ஆகும்.

2004இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியை இவர்கள் மறந்தனரா? ஆட்டம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்’. டைகோ உமெஹாராவின் வீரனுக்கு உயிர்க்கோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. வழக்கம்போல் தடுத்தாலும் சிறு தேய்வு உண்டு. அத்தேய்வே அவனை வீழ்த்திவிடும். ஜஸ்டின் வோங் 15 அடிகள் கொண்ட பெருந்தாக்குதலைத் தொடுத்தார். உமெஹாரா அத்தனையையும் தட்டிவிட்டு, திருப்பித் தாக்கி வென்றார். தட்டிவிடுவதற்குரிய செய்கை யாது? அடி படும் கணத்தில் கைப்பிடியை முன்னோக்கி ஒருமுறை தட்டுவது, அவ்வளவே. அந்த ஆட்டத்திலேயே அதனினும் எளிய செய்கை அரிது; அதனினும் அரிய திறமையும் அரிது.

இனி மறுசாராரையும் விட்டுவிடுவதற்கில்லை. எளிதாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு அறுத்தெறிபவர்கள் இவர்கள். ‘மாடர்ன்’ முறையில் குறுக்குவழித் தாக்குதலின் வலிமை குறைக்கப்பட்டுள்ளது. அது நேர்மையான விலை. சில சாதாரண அடிகளோ அம்முறையில் அடியோடு இல்லை. அது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் பழைய முறை அதே ஆட்டத்தில் பக்கத்திலேயே காத்திருக்கிறது. வேண்டுபவன் மாறிக்கொள்ளலாம்.

நம் மொழிக் கல்வியில் அந்த வசதியாவது உண்டா? ஆறாண்டு எங்களிடம் தமிழ் பயின்று வெளியேறும் பிள்ளைகளுள் பலர், எஸ்.பி.எம். தேர்வில் இலக்கியப் பாடம் எடுக்க அஞ்சுகின்றனர். ஒருசாரார் சீர் பிரியாத செய்யுளை அப்படியே நீட்டி, “முயன்று படி” என்கிறார்கள். மறுசாரார் செய்யுளை அகற்றிவிட்டுக் கதைச்சுருக்கத்தைக் கையில் கொடுக்கிறார்கள். பயிற்சி நூல் தொகுக்கும் நண்பர்களே, எளிய உரைநடையை இடப்பக்கத்தில் அச்சிடுங்கள். வேண்டாம் என்று எவன் சொன்னான்? ஆனால் வலப்பக்கத்தில் மூலம் முழுமையாக, சீர் பிரித்து, ஓரடியும் குறையாமல் இருக்கட்டும்.