வண்டி வாரம் - 9: ஆயில் தள்ளுதா? அவசரப்பட்டு போர் போடாதீங்க!

புல்லட் வச்சிருக்கிற எல்லாரும் என்னைக்காவது ஒரு நாள் கேட்டே தீர வேண்டிய வசனம் இது: "ரிங் போயிடுச்சு சார், போர் போட்டுடலாம்." புதுப்பேட்டையில கேட்டாலும் சரி, லண்டன்ல கேட்டாலும் சரி, வசனம் மாறாது. பில்லுல இருக்கிற நாணயம்தான் மாறும். :-)

இந்த வாரம் அதே வசனம் ஈஸ்ட் ஹாம்ல காதுல விழுந்தது. வண்டி என்னோடது இல்லை மக்களே. ஃபீஸ் கட்டிட்டு பஸ்ஸுக்கே கணக்கு பார்க்கிற மாணவனுக்கு ஏது புல்லட்? அது எங்க தெருவுல இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனோடது. 1978-ல செஞ்ச 350. நம்ம திருவொற்றியூர்ல பொறந்த வண்டி. ஒரு காலத்துல ரெடிட்ச்ல இருந்து மெட்ராஸுக்கு வந்த டிசைன், அங்க தொழிற்சாலையை 1967-ல மூடின பிறகும் நம்ம ஊர்ல உயிரோட இருந்துச்சு. 1977-ல அதையே திருப்பி பிரிட்டனுக்கு ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க. அப்படி வந்த வண்டிகள்ல ஒண்ணு இது.

அண்ணன் போன்ல சொன்னது: "தம்பி, எண்ணெய் எல்லாம் வெளியில தள்ளுது. பின் டயர் வரைக்கும் ஒரே எண்ணெய். கராஜ்காரன் ரிங் போயிட்டுதாம் எண்டு சொல்றான். நாலு இலக்கத்தில காசு கேக்கிறான். வித்துப்போடுவம் எண்டு யோசிக்கிறன். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ."

விக்கிறது சின்ன முடிவு இல்லை. 40 வருஷம் தாண்டி, ஹிஸ்டாரிக் வரி வகுப்புல இருக்கிறதால இந்த வண்டிக்கு யூலெஸ் கட்டணம் கிடையாது. இதை வித்துட்டு 1990-கள்ல வந்த ஒரு புல்லட்டை வாங்கினார்னா, 2023 ஆகஸ்ட் 29-ல இருந்து லண்டன் முழுக்க அந்த விதி வந்துட்டதால, பெரும்பாலும் ஓட்டுற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு அழணும். அதுவும் போக, ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்க்கிற மனுஷனுக்கு ஞாயித்துக்கிழமை ஏஸ் கஃபே வரைக்கும் ஒரு ரவுண்டு போறது மட்டும்தான் பொழுதுபோக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ப்ளோ-பைன்னா என்ன?

சிலிண்டருக்குள்ள பெட்ரோல் எரியும்போது வர்ற அழுத்தம் முழுக்க பிஸ்டனைக் கீழ தள்ளணும். அதுல கொஞ்சம் ரிங்குக்கும் போருக்கும் நடுவுல நழுவி கீழ கிராங்க்கேஸுக்குள்ள போயிடும். அதுதான் ப்ளோ-பை. புது என்ஜின்லயும் கொஞ்சம் இருக்கும். ரிங் தேய தேய, போர் தேய தேய அதிகமாகும். அப்படிப் போன வாயு வெளிய வர ஒரே வழி பிரீதர் குழாய். வரும்போது சும்மா வராது, ஆயிலையும் சேர்த்துக் கூட்டிட்டு வரும்.

அதனாலதான் பிரீதர்ல ஆயிலைப் பார்த்ததும் "ரிங்"னு சொல்லிடறாங்க. ஆனா இங்க ஒரு கொக்கி இருக்கு.

புல்லட் ஒத்தை சிலிண்டர். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. பிஸ்டன் கீழ வரும்போது, மேல மட்டும் வேலை நடக்கல. கீழ இருக்கிற 346 சி.சி. காத்தையும் அமுக்குது. மேல போகும்போது அதே அளவு இழுக்குது. நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னா, நொடிக்கு 50 தடவை இந்தக் கூத்து. நாலு சிலிண்டர் வண்டியில ரெண்டு பிஸ்டன் இறங்கும்போது ரெண்டு ஏறும், கணக்கு நேராயிடும். இங்க அதுக்கு ஆள் இல்லை. ரிங் புத்தம் புதுசா இருந்தாலும் கிராங்க்கேஸ் ஒரு காத்தடிக்கிற பம்பு மாதிரிதான்.

ஆக, ஆயில் வெளிய வருதுன்னா கேள்வி ரெண்டு. ஒண்ணு, மேல இருந்து வாயு அதிகமா இறங்குதா? ரெண்டு, கீழ இருக்கிற காத்தும் ஆயிலும் ஒழுங்கா கையாளப்படுதா? முதல் கேள்விக்குத்தான் என்ஜினைப் பிரிக்கணும். ரெண்டாவதுக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு மதிய நேரமும் போதும். அதனால ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

1. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி: ஆயில் எங்க இருக்கு?

புல்லட்டோட ஆயில் டாங்க் தனியா தொங்காது. கிராங்க்கேஸ் வார்ப்புலயே பின்னாடி ஒரு அறையா இருக்கும். ஒரு பம்பு அங்கிருந்து ஆயிலை கிராங்குக்கு அனுப்பும். இன்னொரு பம்பு கீழ விழுந்ததைத் திருப்பி டாங்குக்கு அனுப்பும். திருப்பி அனுப்புற பம்பு பெருசு, அதனால ஓடும்போது கிராங்க் அறை கிட்டத்தட்ட காலியாவே இருக்கும்.

வண்டி வாரக்கணக்குல நின்னா? தேய்ஞ்ச பம்பு வழியா ஆயில் மெல்ல டாங்க்ல இருந்து கிராங்க் அறைக்கு இறங்கிடும். இப்ப டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா ஆயில் குறைவாத் தெரியும். "அடடா, ஆயில் குடிக்குதே"ன்னு இன்னும் அரை லிட்டர் ஊத்துவோம். அப்புறம் உதைச்சா, கிராங்க் அந்த ஆயில் குளத்துல மத்து மாதிரி கடையும். பிரீதர்ல ஆயில், சைலன்சர்ல நீலப் புகை. பார்க்க அச்சு அசலா ரிங் போன வண்டிதான்!

"அண்ணே, கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"

"அஞ்சாறு கிழமை இருக்கும் தம்பி. குளிருக்க ஆர் எடுக்கிறது?"

"அதுக்கப்புறம் ஆயில் ஊத்துனீங்களா?"

"ஓம், குறைவாக் காட்டிச்சுது. ரெண்டு தரம் விட்டனான்."

கிராங்க் அறைக்குத் தனி ட்ரெயின் பிளக் இருக்கு. அடியில ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை வச்சுத் திறந்தேன். ஒரு கரண்டி அளவு வந்தா சகஜம். இங்க அரை லிட்டருக்கு மேல வந்துச்சு. (பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க, கவுன்சில் மறுசுழற்சி மையத்துல வாங்கிக்குவாங்க.)

2. பிரீதர் வால்வு

குழாயோட நுனியில ஒரு ரப்பர் வால்வு இருக்கும், வாத்தோட அலகு மாதிரி. பிஸ்டன் கீழ வரும்போது வாயைத் திறந்து காத்தை வெளிய விடும். மேல போகும்போது மூடிக்கும். அதனால உள்ள லேசா வெற்றிடம் நிக்கும், ஆயில் உள்ளயே இருக்கும். ரப்பர் காய்ஞ்சு விறைச்சுப் போனா மூடாது. வெளிய போன காத்து திரும்ப உள்ள வரும், அடுத்த ஸ்ட்ரோக்குல ஆயிலோட வெளிய போகும். குழாய் அடைச்சிருந்தா இன்னும் மோசம், எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயில் கசியும்.

சோதனை ரொம்ப சுலபம். கழட்டி, துடைச்சு, வாயால ஊதிப் பாருங்க. ஒரு பக்கம்தான் காத்து போகணும். அண்ணனோட வால்வு ரெண்டு பக்கமும் தாராளமா விட்டுச்சு. விரலால அமுக்கினா பழைய எருமைத்தோல் செருப்பு மாதிரி இருந்துச்சு. புதுசு சில பவுண்டுதான்.

இன்னொரு சோதனை. வால்வைக் கழட்டிட்டு, என்ஜினை ஐடிலிங்ல விட்டு, குழாய் வாய்கிட்ட உள்ளங்கையைக் காட்டுங்க. உள்ள - வெளிய, உள்ள - வெளியன்னு துடிச்சா அது சாதாரணம். உள்ள இழுக்கிறதே தெரியாம வெளியவே சூடா சீறிட்டு இருந்தா, அப்ப ரிங் மேல சந்தேகப்படலாம்.

3. புகை எப்ப வருது?

நீலப் புகைன்னா ஆயில் எரியுது. எப்ப வருதுங்கிறதுதான் துப்பு.

- ஸ்டார்ட் பண்ணின முதல் சில நிமிஷம் மட்டும் கொட்டிட்டு நின்னா, கிராங்க் அறையில தேங்கின ஆயில்.
- மேடு ஏறும்போது, முறுக்கும்போது விடாம வந்தா, ரிங் அல்லது போர்.
- த்ராட்டிலை மூடி இறக்கத்துல வந்து, திரும்ப முறுக்கும்போது மட்டும் குபுக்குன்னு வந்தா, வால்வ் கைடு.

கருப்புப் புகைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை. அது கார்ப்புரேட்டர் விவகாரம்.

4. கம்ப்ரஷன்: காய்ஞ்சு ஒரு தடவை, நனைஞ்சு ஒரு தடவை

என்ஜினை சூடாக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி கேஜை மாட்டுங்க. த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும். முள்ளு ஏறுறது நிக்கிற வரைக்கும் உதைங்க. எழுதி வச்சுக்கங்க. அப்புறம் பிளக் ஓட்டை வழியா ஒரே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, மறுபடி உதைங்க.

ஆயில் ரிங்கைச் சுத்தி நின்னு தற்காலிகமா அடைக்கும். அதனால ரெண்டாவது தடவை முள்ளு நல்லா எகிறினா ரிங்/போர்தான் குற்றவாளி. எகிறலைன்னா வால்வு, ஹெட் கேஸ்கெட், இல்லாட்டி டிகம்ப்ரஸர். புல்லட்ல இந்த டிகம்ப்ரஸர் ஒழுங்கா உட்காராமப் போய் ரிங் மேல பழி விழுறது உண்டு. டீஸ்பூனுக்கு மேல ஆயில் விடாதீங்க, இடத்தை அடைச்சு பொய்க்கணக்கு காட்டும்.

அண்ணன் வண்டியில முதல்ல 95 பி.எஸ்.ஐ., ஆயில் விட்ட பிறகு 99. இதை உங்க வண்டிக்கு அளவுகோலா எடுத்துக்காதீங்க. முக்கியம் நம்பர் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். நாலு பி.எஸ்.ஐ.க்கு யாரும் சிலிண்டரைக் கழட்ட மாட்டாங்க.

5. இன்னும் சந்தேகம்னா: லீக்-டவுன்

கம்ப்ரசர் கிடைச்சா, பிஸ்டனை கம்ப்ரஷன் முடியுற உச்சியில நிறுத்தி பிளக் ஓட்டை வழியா காத்து விடுங்க. (டாப் கியர் போட்டு பின் பிரேக்கை அமுக்கிப் பிடிங்க. இல்லாட்டி பிஸ்டன் இறங்கி கிக்கர் காலைப் பதம் பார்க்கும்.) காதைத் தீட்டிக் கேளுங்க. பிரீதர்ல 'ஸ்ஸ்'னா ரிங். சைலன்சர்லன்னா எக்ஸாஸ்ட் வால்வு. கார்ப்புரேட்டர்லன்னா இன்லெட் வால்வு.

இத்தனைக்கும் பிறகு ரிங்தான்னு தெரிஞ்சா தாராளமா பிரிங்க. அப்பவும் போர் போடறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கச் சொல்லுங்க. ரிங்கை போருக்குள்ள நேரா இறக்கி வாய் இடைவெளியை அளக்கணும். ஒரு இஞ்ச் போருக்கு 4 தௌங்கிறது பழைய கணக்கு, 350-க்கு சுமார் 11 தௌ, அதாவது 0.28 மி.மீ. போர் தேயாம ரிங் மட்டும் தேய்ஞ்சிருந்தா, ஹோன் பண்ணி புது ரிங் போட்டாலே போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, போர் போடறதுங்கிறது இரும்பைச் சுரண்டி எடுக்கிறது. எடுத்தது திரும்ப வராது. ஒரு சிலிண்டர் சில தடவைதான் தாங்கும், அப்புறம் ஸ்லீவ்தான். தேவையில்லாம போட்ட ஒவ்வொரு போரும் அந்த என்ஜினோட ஆயுசுல ஒண்ணைக் கழிக்குது. காசு போனா அடுத்த மாச சம்பளத்துல வரும். 1978-ல வார்த்த இரும்பு வராது.

அந்த கராஜ்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்லலை. பழைய ஒத்தை சிலிண்டரைத் தினமும் பார்க்காத ஆளுக்கு ஆயிலும் புகையும் சேர்ந்து வந்தா அப்படித்தான் தோணும். ஆனா பிளக்கைக்கூடக் கழட்டாம சொன்ன தீர்ப்புக்கு நாலு இலக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

அண்ணன் வண்டியில புது வால்வு மாட்டி, ஆயில் அளவைச் சரி பண்ணி, ஏஸ் கஃபே வரைக்கும் போயிட்டு வந்தாச்சு. பிரீதர்ல லேசான ஈரம் மட்டும். இறக்கத்துல இறங்கி முறுக்கும்போது ஒரு சின்ன நீலப் புகை இன்னும் இருக்கு. அது வால்வ் கைடு, அடுத்த குளிர்காலத்துக்கு வச்சிருக்கோம். பம்பும் தேய்ஞ்சுதான் இருக்கு. அதை மாத்துற வரைக்கும் வாரம் ஒரு தடவையாவது ஓட்டணும், நின்ன வண்டியில டிப்ஸ்டிக்கை நம்பி ஆயில் ஊத்தக்கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்.

"அப்ப விக்கத் தேவையில்லையோ?"ன்னு கேட்டார். அதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். :-)

அடுத்த வாரம்: அந்த ஆயில் பம்பைக் கழட்டி, தேய்மானம் எப்படிப் பார்க்கிறதுன்னு.

பி.கு.: ஊர்ல புல்லட் வச்சிருக்கிற நண்பர்களே, உங்க மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பார்க்கிறாரா, இல்லை கிக்கரைக் காலால அமுக்கியே சொல்லிடறாரா? பின்னூட்டத்துல சொல்லுங்க. ரெண்டாவது வகை ஆளுங்க சொல்றது நிறைய தடவை சரியாவே இருக்கும்ங்கிறதையும் ஒத்துக்கிறேன்.